வாசலை நோக்கி நடக்கும் வாழை

கித்தெங்கா
12 மார்ச் 2009

அன்புள்ள நசுனாவின் அப்பாவுக்கு,

இங்கே நலம். ஏரிக்காற்று இந்த வருஷமாவது உங்கள் நெஞ்சைத் தொந்தரவு செய்யாமல் இருக்கட்டும்.

போனில் கூப்பிடலாமே என்று நினைப்பீர்கள். மலை உச்சியில் ஏறி நின்று கூப்பிட்டால் நீங்கள் சொல்லும் "ம்" மட்டும்தான் கேட்கிறது. ஒரு "ம்"முக்காக அவ்வளவு ஏற்றம் ஏற நாற்பத்து நான்கு வயதில் என் முழங்கால் சம்மதிக்கவில்லை. கடிதம் என்றால் நீங்கள் முழு வாக்கியமாக எழுதித்தான் ஆக வேண்டும்.

மழை இறங்கிவிட்டது. விடிகிற வேளையில் தோப்புக்குள் பனி புகுந்து அப்படியே நின்றுவிடுகிறது. மரங்களுக்கு இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரிவதில்லை. இலைகள் மட்டும் மிதக்கின்றன. தேநீரோடு வாசலில் நின்றால், தோப்பு நின்ற இடத்தில் நிற்க, வீடுதான் எங்கோ மெல்லப் போய்க்கொண்டிருப்பதுபோல இருக்கிறது.

உங்கள் ஆராய்ச்சிப் பண்ணையிலிருந்து நீங்கள் அனுப்பிய மூன்று வாழைக்கன்றுகளும் வந்து சேர்ந்தன. வேன் ஓட்டும் கசுலே முச்சந்தியிலேயே சத்தம் போட்டார்: "டீச்சர், உங்க வீட்டுக்காரர் மூணு புள்ளைங்கள அனுப்பியிருக்கார்! வழியெல்லாம் மடியில வச்சுக் கொண்டாந்தேன், எறக்கிக்கிங்க!" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வாங்கும்போது மட்டும் ஏனோ இரண்டு கைகளாலும் வாங்கினேன்.

அவற்றைச் சாலையோர வேலி அருகே வைத்திருக்கிறேன். தோப்புக்குள் வைக்க மனம் வரவில்லை. பக்கத்து வீட்டு நாலோங்கோ அக்கா வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். இரட்டைப் பிள்ளைகளைப் பெற்று நாலோங்கோ என்ற பட்டம் வாங்கியவர் அல்லவா, எதற்கும் ஒரு தீர்ப்பு வைத்திருப்பார். "இதுக்கு என்ன பேரு?" என்றார். பெயர் இல்லை, பண்ணையில் எண் பதினேழு என்கிறார்கள் என்றேன். "நம்பர் போட்ட வாழையா? அப்ப இது வாழையில்ல, கைதி. வேலியோரமே இருக்கட்டும்" என்று போய்விட்டார்.

நீங்கள் எழுதியபடி, நம் பழைய மரங்களில் இலைக்கருகல் கூடிக்கொண்டுதான் போகிறது. குலைகளும் சிறுத்துவிட்டன. மண்ணுக்கு வயதாகிவிட்டது போலும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஏதோ வாடல் நோய் வந்து தோப்புத் தோப்பாகச் சாய்கிறது என்றும் கேள்விப்படுகிறேன்.

நசுனாவின் வாழைத்தூர் நன்றாக இருக்கிறது. நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். அவள் பிறந்த அன்று உங்கள் அக்கா நஞ்சுக்கொடியை இலையில் பொதிந்து அந்த வாழையடியில் புதைத்துவிட்டு, "இது புள்ளையோட பொறந்த இன்னொரு புள்ள" என்று சொன்னது நினைவிருக்கிறதா? முதல் பிள்ளை ஆறு வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். இரண்டாவது பிள்ளை நின்றுகொண்டிருக்கிறது. வாழை நடக்கும் என்று நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள்; தாய்மரம் போனதும் பக்கக்கன்று எழும், அது போனதும் அதற்கும் பக்கத்தில் இன்னொன்று. இந்தத் தூர் நீங்கள் போனதிலிருந்து கிழக்கே நகர்ந்து நகர்ந்து சமையலறை வாசலை நோக்கி வருகிறது. நான் கிழவியாவதற்குள் உள்ளே வந்துவிடும்.

உங்கள் வீட்டில் இருக்கும்,
நகாயிசா


ஏரிக்கரைப் பண்ணை
20 ஏப்ரல் 2009

நகாயிசாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நலம். நீ நலமா?

வாடல் நோயைப் பற்றி உடனே எழுத வேண்டும் என்று இருந்தேன். வேலையால் தள்ளிப்போயிற்று. கவனமாகப் படி. பூவின் நுனி சுருங்கிக் கறுத்தால், காய் முற்றாமல் மஞ்சளித்தால், தண்டை வெட்டியதும் மஞ்சளாகப் பால் வடிந்தால் அது அந்த நோய்தான். தேனீ பூவிலிருந்து பூவுக்குக் கொண்டுபோகும். ஆகவே கடைசிச் சீப்பு வந்ததும் பூவை ஒடித்துவிடு. கத்தி கூடாது, கவைக்கம்பால் முறுக்கி ஒடி. தேனீயைவிடக் கத்திதான் அதிகம் பரப்புகிறது. ஒரு தூரிலிருந்து இன்னொன்றுக்குப் போகுமுன் அரிவாளை நெருப்பில் காட்டு. இன்னொருவர் தோப்பில் புழங்கிய கத்தி, காட்டாமல் உள்ளே வரக் கூடாது.

நான் அனுப்பிய புது ரகம் இலைக்கருகலைத் தாங்கும், குலை பெரிது. வாடல் நோயை அதுவும் தாங்காது. இருந்தாலும் நோயில்லாத கன்று.

இப்போது எனக்கு ருசி பார்க்கும் கூடத்தில் வேலை. புது ரகங்களை அவித்துக் குழைத்து, ஊர்களிலிருந்து வரும் விவசாயிகளுக்குக் கொடுப்போம். நிறம், மணம், கையில் அழுத்தினால் எப்படி இருக்கிறது என்று சொல்வார்கள். சமையல் பெண் பேறுகாலத்துக்குப் போய்விட்டதால் தோல் சீவுகிறவன் நான்தான். முதல் நாள் பாதிக் காயைத் தோலோடு போக்கினேன். இப்போது பழகிவிட்டது. கையெல்லாம் கறுத்துவிட்டது, எண்ணெய் தேய்த்தாலும் போகவில்லை. ஊரில் யாரிடமும் சொல்லாதே.

சில நாள் மாலையில் ஏரிமேல் பூச்சிகள் கூட்டமாக எழும். தூரத்திலிருந்து பார்த்தால் தண்ணீர் எரிந்து புகைவதுபோல. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் தூக்கம் வந்துவிடுகிறது. அந்தத் தூக்கத்தில் நம் தோப்பு வருகிறது. வரப்பு வழியாக நடந்து வருகிறேன். ஒரு மரம் மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. மரத்துக்கு ஏது முதுகு என்று கேட்பாய். எனக்கும் தெரியவில்லை.

முபிரு


கித்தெங்கா
23 ஆகஸ்ட் 2009

அன்புள்ள நசுனாவின் அப்பாவுக்கு,

நீங்கள் தோல் சீவுவதை நான் யாரிடமும் சொல்லவில்லை. நாலோங்கோ அக்காவிடம் மட்டும் சொன்னேன். ஆகவே ஊருக்கே தெரியும். "ஆம்பளைங்க தோல் சீவுற ஊர் ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சிருந்தா நான் அங்கயே வாக்கப்பட்டிருப்பேனே" என்கிறார்.

இதைச் சிரித்துக்கொண்டே தொடங்க வேண்டும் என்று நினைத்தேன். தொடங்கிவிட்டேன். இனி சொல்கிறேன்.

நசுனாவின் தூரில் இப்போது குலை தள்ளியிருக்கும் மரத்தில் பூ சுருங்கிவிட்டது. வெயிலால் இருக்கும் என்று நான்கு நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். பள்ளியில் உயிரியல் நடத்தியவள், எனக்கு நானே எப்படிப் பொய் சொல்கிறேன் பாருங்கள். நேற்று ஒரு காயை முறித்தேன். உள்ளே சதை துருப்பிடித்ததுபோல் இருந்தது.

பூவை நான் ஒடிக்காமல் விட்டிருந்தேன். மற்ற எல்லாவற்றிலும் கவைக்கம்பால் ஒடித்தேன். அதில் மட்டும் ஒடிக்கவில்லை. காலையில் தேன்சிட்டு வந்து தொங்கும். அதைப் பார்க்க நசுனா பல் துலக்காமல் ஓடிவருவாள், உங்களுக்கு நினைவிருக்கும்.

வெட்ட வேண்டும், தெரியும். தூரோடு தோண்டிப் போட வேண்டும், அதுவும் தெரியும். ஆனால் இது நான் வெட்டுகிற மரம் இல்லை. பிள்ளையின் வாழையை அவள் அப்பா வழியில் ஒருவர்தான் தொட வேண்டும். உங்கள் அக்காவும் இப்போது இல்லை. அவள் போன வருஷம் நீங்கள் இதை வெட்ட அரிவாளோடு வந்தபோது நான் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். மறுவாரம் நீங்கள் கிளம்பிவிட்டீர்கள். இப்போது நானே கூப்பிடுகிறேன். அரிவாளோடு வாருங்கள். நான் கட்டிப்பிடிக்க மாட்டேன். தள்ளி நிற்பேன்.

சீக்கிரம் வாருங்கள். ஒருநாள் தங்கினால் போதும்.

நகாயிசா


ஏரிக்கரைப் பண்ணை
10 செப்டம்பர் 2009

நகாயிசாவுக்கு,

உன் கடிதம் பார்த்தேன்.

தாமதிக்கக் கூடாது. முதலில் பூவையும் குலையையும் வெட்டி அங்கேயே குவி. மரத்தைத் துண்டு துண்டாக்கு. கிழங்கைத் தோண்டி எடு, ஒரு கன்றுகூட மிஞ்சக் கூடாது. குழியில் ஆறு மாதம் வாழை கூடாது; பீன்ஸ் போடலாம். அரிவாளையும் மண்வெட்டியையும் நெருப்பில் காட்டு.

இங்கே இது அறுவடைக் காலம், ருசிக் கூடம் நிறைந்திருக்கிறது. விடுப்புக் கிடைப்பது கடினம். அப்பா வழி அனுமதிதான் வேண்டும் என்றால் இந்தக் கடிதமே அனுமதி. நீயே வெட்டலாம். இல்லையென்றால் மசாகாவிலிருக்கும் என் சித்தப்பா மகனை அனுப்பட்டுமா? எழுது.

முபிரு


கித்தெங்கா
29 நவம்பர் 2009

நசுனாவின் அப்பாவுக்கு,

நான் ஆளைக் கூப்பிட்டேன். நீங்கள் செய்முறை விளக்கம் அனுப்பினீர்கள். அதுவும் நல்ல கையெழுத்தில்.

உங்கள் சித்தப்பா மகன் வேண்டாம். நசுனாவை ஒருநாள்கூடத் தூக்காதவர் அவர். நீங்கள் இப்படி எழுதினாலும் வந்துவிடுவீர்கள் என்று நினைத்தேன். வேன் சத்தம் கேட்கும் சனிக்கிழமைகளில் தேநீருக்கு இன்னொரு கோப்பைத் தண்ணீர் சேர்த்து வைத்தேன். இந்த மழைக்காலம் முழுவதும் நான் பாதித் தூக்கத்தில்தான் நடமாடினேன். குழந்தையின் காலடிச் சத்தம் கேட்கும். திரும்பினால் இலையிலிருந்து சொட்டும் தண்ணீர். அந்த மரம் இலை இலையாக மஞ்சளித்து, மடங்கி, பாவாடை உடுத்தியதுபோல் நின்றது. அப்படியும் எனக்கு அழகாகத்தான் தெரிந்தது.

இப்படி நான் கனவில் இருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். நாலோங்கோ அக்காவின் இரட்டையரில் மூத்தவள் பபிரியேயைப் பெண் பார்க்கச் செப்டம்பரில் வந்தார்கள். மத்தோக்கே வாழைக்காயைப் பொதிந்து அவிக்க இலை வேண்டும். நசுனாவின் தூரில் உள்ள கன்றின் இலைதான் கிழியாது, மணமாக இருக்கும் என்று வழக்கம்போல வந்து வெட்டிக்கொண்டார். நான் பக்கத்தில் நின்றேன். நோய் அந்தப் பெரிய மரத்தில்தானே, கன்றில் இல்லையே என்று நினைத்துக்கொண்டேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் அன்றே வெட்ட வேண்டும். அதே கத்தியோடு அவர் தன் தோப்புக்குப் போனார்.

போன வாரம் என்னைக் கூப்பிட்டார். அவருடைய தோப்பில் வீட்டோரமாக ஒரு வரிசை முழுதும் பூ கருகி நின்றது. நான் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கருகிய பூ ஒன்றைத் தொடப் போய்க் கையை இழுத்துக்கொண்டார். பிறகு, "ஏன்டி டீச்சர், ஊர்ப் புள்ளைங்களுக்கெல்லாம் பாடம் நடத்துன. எனக்கு ஒரு வார்த்த சொல்ல வாய் வரலையா?" என்றார்.

"சொன்னா வெட்டச் சொல்வீங்கன்னு பயந்தேன் அக்கா."

"வெட்டத்தான் சொல்லியிருப்பேன். அதுக்கு முன்னால உன்கூட உக்காந்து அழுதிருப்பேன். அதையும் சேத்துல்ல கெடுத்துட்ட!"

திட்டினார். என்னை மட்டும் இல்லை, உங்களையும், நம் கல்யாணத்துக்குப் பெண் பேசிய தரகரையும், மசாகா வரைக்கும் உள்ள எல்லாப் படித்தவர்களையும். முடித்துவிட்டு உள்ளே போய் இரண்டு அரிவாள் எடுத்துவந்தார். அப்பா வழிதான் வெட்ட வேண்டும் என்று நான் மறுபடி தொடங்கினேன். "அப்பன் வரட்டும் அப்பன் வரட்டும்னா நோய் பாய் விரிச்சுக் காத்திருக்குமா? ரெட்டப் புள்ள பெத்தவ நான். எனக்குத் தெரியாத சடங்கு ஒண்ணுமில்ல. சொல்றேன், பெத்தவ வெட்டலாம். நட!" என்றார்.

அது அவர் அந்த நிமிஷத்தில் உண்டாக்கிய சடங்கு. ஆனாலும் எனக்குப் போதுமானதாக இருந்தது.

வெட்டினேன். முதல் வெட்டு நான். மஞ்சளாகப் பால் வந்தது. பிறகு இருவருமாகக் கிழங்கைத் தோண்டினோம். தோண்டத் தோண்ட என் கை எதையோ தேடிக்கொண்டே இருந்தது. அடியில் ஒன்றும் இல்லை. கறுப்பு மண்ணும் மண்புழுவும்தான். அவ்வளவு நல்ல மண் நம் நிலத்தில் வேறெங்கும் இல்லை. அக்கா ஒரு பிடி எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு என் கையில் வைத்தார்.

அவருடைய வரிசையும் வெட்டப்பட்டது. இரண்டு நாள் அங்கே வேலை செய்தேன்.

கொஞ்ச நாள் எழுதாதீர்கள். நானும் எழுத மாட்டேன்.

நகாயிசா


ஏரிக்கரைப் பண்ணை
16 மே 2010

நகாயிசாவுக்கு,

நீ சொன்னபடி எழுதாமல் இருந்தேன். எழுதாமல் இருப்பது எனக்குச் சுலபம் என்று நினைத்திருப்பாய். இந்தத் தடவை அப்படி இல்லை.

ஒன்றைச் சொல்கிறேன். போன செப்டம்பரில், அந்தக் கடிதத்தை அனுப்பிய அடுத்த வாரமே நான் வேனில் ஏறினேன். பாதி வழி, மசாகா வரை வந்தேன். நிலையத்தில் லாரியிலிருந்து வாழைக்குலைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் தோளில் குலையைத் தூக்கிக்கொண்டு, தூங்கும் பிள்ளையைத் தூக்குவதுபோல் ஒரு கையால் அணைத்தபடி என்னைக் கடந்து போனான். நான் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். திரும்பிப் போகிற வேனில் ஏறினேன். கசுலேக்குத் தெரியும். உன்னிடம் சொல்லக் கூடாது என்று அவனைக் கேட்டுக்கொண்டேன். நீ எழுதிய அந்தச் சனிக்கிழமைகளில் ஒன்றுதான் அது.

இப்போது குழிக்கு ஆறு மாதம் ஆகியிருக்கும். பீன்ஸ் எடுத்திருப்பாய். நான்கு கன்று அனுப்புகிறேன், இரண்டு உனக்கு, இரண்டு நாலோங்கோவுக்கு. எண் பதினேழுதான். நானே தேர்ந்தெடுத்தேன். ஒன்றை அந்த இடத்திலேயே வை.

இன்னொரு விஷயம். இந்த ரகம் இனி ஊர்களுக்குப் போகப் போகிறது. எண்ணோடு போனால் யாரும் வாங்க மாட்டார்கள். பண்ணையில் வேலை செய்பவர்கள் பெயர் சொல்லலாம் என்றார்கள். நான் அவள் பெயரைக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். எத்தனையோ தோப்புகளில் அது நிற்கும். எத்தனையோ பேர் கூப்பிடுவார்கள். நீ சந்தோஷப்படுவாய் என்று நினைக்கிறேன். உன் சம்மதம் வந்ததும் சொல்லிவிடுவேன்.

கனவில் இப்போது அந்த மரம் இல்லை. குழி இருக்கிறது. குழியின் மறுபக்கம் நீ நிற்கிறாய், ஏதோ சொல்கிறாய், எனக்கு "ம்" மட்டும்தான் கேட்கிறது.

முபிரு


கித்தெங்கா
8 ஆகஸ்ட் 2010

அன்புள்ள நசுனாவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று மாதமாகச் சமையலறைக் கூரைக்கம்பில் செருகி வைத்திருந்தேன். புகை பட்டு மஞ்சளாகிவிட்டது. இப்போதுதான் பதில் எழுத முடிகிறது.

மசாகா பெஞ்சைப் பற்றி நீங்கள் எழுதியதைப் பலதடவை படித்தேன். அதற்கு நன்றி. அன்றைக்குத் தண்ணீர் சேர்த்த தேநீரை நான் வீணாக்கவில்லை என்று நினைத்துக்கொள்கிறேன்.

பெயர் விஷயம். சம்மதம் இல்லை.

கோபத்தில் சொல்லவில்லை. நசுனா என்பது உங்கள் குலத்துப் பெயர். உங்கள் சித்தப்பா மகன் வீட்டில் நாளைக்கு ஒரு பெண் பிறந்தால் அவளுக்கு வைக்க வேண்டிய பெயர். அதை ஒரு வாழைக்குக் கொடுத்தால் பிறகு அந்தப் பெண்ணை என்னவென்று கூப்பிடுவது? சந்தையில் யாரோ "நசுனா பிஞ்சா இருக்கு, நசுனா அழுகிப்போச்சு" என்று சொல்ல, நான் காய்கறிக் கூடையோடு அதைக் கேட்டுக்கொண்டு நடக்க வேண்டுமா? இத்தனை தோப்புகளில் அவள் நிற்க வேண்டாம். ஒரு இடத்தில் நின்றாள், போதும்.

இன்னொன்றும் கவனித்தேன். உங்கள் எல்லாக் கடிதங்களையும் எடுத்துப் பார்த்தேன். நீங்கள் அந்தப் பெயரை ஒருமுறைகூட எழுதியதில்லை. பெயரை வைக்கலாமா என்று கேட்கும் கடிதத்திலும் "அவள் பெயர்" என்றுதான் இருக்கிறது. உங்கள் கை எழுத மறுப்பதை ஊர் வாயில் எப்படிப் போடுவீர்கள்?

இனி நல்ல செய்தி. வேலியோரத்துக் கைதிகளில் ஒன்று குலை தள்ளிச் சென்ற வாரம் வெட்டினோம். இருவர் சேர்ந்துதான் தூக்க முடிந்தது. நாலோங்கோ அக்கா வீட்டு முற்றத்தில் அவித்தோம். பாதித் தெருவும் வந்துவிட்டது. இலைப்பொதியைத் திறந்தபோது நிறம் நன்றாகத்தான் இருந்தது, நம் பழையதுபோல் அவ்வளவு பொன்னாக இல்லை என்றாலும். சூட்டோடு தின்றவர்கள் தலையாட்டினார்கள். பபிரியேயின் வருங்கால மாமனார் மட்டும் கையில் உருண்டையை வைத்துக்கொண்டு ஏதோ மாட்டு வழக்கைச் சொல்லிக்கொண்டே இருந்தார். சொல்லி முடித்து வாயில் போட்டால் கல். ஆறினால் இறுகிவிடுகிறது.

"இதென்ன, பல்லு போச்சே!" என்றார்.

"சம்பந்தி, இது பேசிக்கிட்டே தின்ற வாழையில்ல. வாயை மூடித் தின்னாத்தான் மரியாத தரும்" என்றார் அக்கா. "எத்தன நாளா தேடிக்கிட்டிருந்தேன் இப்படி ஒரு வாழைய. விருந்தாளிங்க சீக்கிரம் கெளம்பிடுவாங்க!"

அன்றிலிருந்து அதற்குப் பேர் "பேசாமல் தின்". கன்று கேட்டு வருகிறவர்களும் அப்படித்தான் கேட்கிறார்கள்: "டீச்சர், பேசாமல் தின் ஒண்ணு கிடைக்குமா?" பண்ணையில் பெயர் கேட்டால் இதைச் சொல்லுங்கள். எழுதிக்கொள்ள மாட்டார்கள். ஆனால் இனி இந்தப் பக்கம் வேறு பெயர் செல்லாது.

அக்கா தன் இரண்டு கன்றையும் வாங்கிக்கொண்டார். என்னோடு பழையபடி பேசுகிறார். கத்தியை மட்டும் என் கண்முன் நெருப்பில் காட்டிவிட்டுத்தான் உள்ளே போவார், நானும் பார்க்க வேண்டும் என்பதற்காக.

அந்தக் குழியில் ஒரு கன்றை ஜூனிலேயே வைத்துவிட்டேன். முதல் மண் நான் போட்டேன். இரண்டாவது பிடி உங்களுக்காக விட்டு வைக்கலாமா என்று யோசித்தேன். மழை வந்துவிட்டது, போட்டு மூடினேன்.

நகாயிசா


கித்தெங்கா
18 செப்டம்பர் 2011

அன்புள்ள நசுனாவின் அப்பாவுக்கு,

இந்த ஒரு வருஷமாக இருவரும் வானிலை அறிக்கைபோல எழுதிக்கொண்டிருக்கிறோம். உங்களுக்கு இருமல் குறைந்தது, இங்கே பீன்ஸ் காய்த்தது, அங்கே ஏரி ஏறியது. அதுவும் பிடித்துத்தான் இருந்தது. ஆற்றுக்கு இந்தக் கரையில் ஒருவர், அந்தக் கரையில் ஒருவர், ஒரே திசையில் நடப்பதுபோல.

குழியில் வைத்தது குலை தள்ளிவிட்டது. கவைக்கம்பால் பூவை ஒடித்துவிட்டேன், முதல் வேலையாக. தேன்சிட்டு இரண்டு நாள் வந்து தேடிவிட்டுப் போயிற்று. மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். குலையின் பாரத்தில் மரம் சாய்ந்ததால் இரண்டு முட்டுக்கொம்பு கொடுத்திருக்கிறேன். எந்தப் பக்கம் சாய்ந்தது என்று நினைக்கிறீர்கள்? சமையலறைப் பக்கம்.

காலைப் பனியில் இதுவும் மற்றவற்றைப்போலத்தான் மிதக்கிறது. எது பழையது, எது புதியது என்று தெரிவதில்லை. வெயில் ஏறிய பிறகுதான் இது கொஞ்சம் உயரம், இலை கொஞ்சம் கரும்பச்சை என்று தெரிகிறது. இது அவளில்லை. அவளாக நினைக்கவும் நான் முயலவில்லை. ஆனால் அந்த மண்ணில்தான் நிற்கிறது. எனக்கு அது போதும்போல் இருக்கிறது. சில நாள் போதவில்லை.

இந்த இடத்து முதல் குலையை ஊருக்குக் கொடுக்க முடியாது, உங்களுக்கே தெரியும். பிள்ளையின் அப்பா இல்லாமல் அதை அவிப்பதில்லை. நாலோங்கோ அக்காவும் இதற்கு மட்டும் புதுச் சடங்கு உண்டாக்க மறுத்துவிட்டார். "இதுல நான் கை வைக்க மாட்டேன். வந்தா ரெண்டு பேரும் தின்னுங்க, வரலைன்னா குருவி தின்னட்டும்" என்கிறார்.

காய் திரண்டு விளிம்பு மழுங்கிவிட்டது. இரண்டு மூன்று வாரம் தாங்கும். அதற்குமேல் மரத்திலேயே பழுத்துவிடும். பழுத்தால் குழைக்க முடியாது.

நான் வெட்டப் போவதில்லை. கூப்பிடவும் இல்லை. ஒருமுறை கூப்பிட்டேன். செய்தியை மட்டும் எழுதுகிறேன்.

நகாயிசா


ஏரிக்கரைப் பண்ணை
4 அக்டோபர் 2011

அன்புள்ள நசுனாவின் அம்மாவுக்கு,

குலையை வெட்டாதே. காற்றில் விழுந்தாலும் தோல் சீவாதே.

சனிக்கிழமை கசுலேயின் வேனில் வருகிறேன். மசாகாவில் நான் இறங்கினால் பிடித்து உள்ளே தள்ளும்படி சொல்லியிருக்கிறேன். அவன் ரொம்பச் சந்தோஷமாக ஒப்புக்கொண்டான்.

தோலை நான் சீவுகிறேன். நாலோங்கோ வேலியோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து சிரிக்கட்டும். இப்போது நசுனாவின் அத்தை சீவியதைவிடவும் நான் மெல்லிசாகச் சீவுவேன். நீ இலை மட்டும் வாட்டி வை. சூடு ஆறுமுன், ஊர் சொல்கிறபடி பேசாமல் தின்போம். பேச வேண்டியது நிறைய இருக்கிறது, அது ஆறினாலும் இறுகாது.

நசுனா பிறந்த அன்று நான் முற்றத்தில் நின்றேன், என் அக்கா குழி மூடியதைத் தூரத்திலிருந்துதான் பார்த்தேன். இந்தத் தடவை அந்த மண்ணைக் கிட்டத்தில் நின்று பார்க்க வேண்டும்.

இங்கே பழகிய என் கத்தியைக் கொண்டுவருகிறேன். வெளியிலிருந்து வரும் கத்தி, அப்படியே உள்ளே நுழையக் கூடாது. வாசலில் ஒரு சிறு நெருப்பு போட்டு வை.

நசுனாவின் அப்பா